கிருபை என்னும் உரைகல்

பெங்களூர் நகரில் இன்று சிவாஜிநகர், பிரேசர் டவுன், அல்சூர் என வழங்கும் பகுதிகளைக் கன்னட மக்கள் ஒரு காலத்தில் 'தண்டு' என்று அழைத்து வந்தனர். தண்டு என்றால் படை. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை சீரங்கப்பட்டணத்தை விட்டு இந்நகருக்குப் பெயர்ந்தது. அப்படையின் பின்னே சென்னை மாகாணத்துத் தமிழ் மக்கள் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். சிப்பாய்கள், தானிய வணிகர், கொத்தர், தச்சர், சமையற்காரர், தோட்டக்காரர் எனப் பல தொழிலினர் அவருள் இருந்தனர். பிற்காலத்தில் கோலார் தங்க வயலுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரும் இந்நகரோடு நெருங்கிய தொடர்பு கொண்டனர். இவ்வாறு வந்தவருள் ஒரு பகுதியினர் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவர்.

ஊர் விட்டு ஊர் சென்றவர் தம் மொழியை எடுத்துச் செல்வது போலவே வழிபாட்டையும் எடுத்துச் செல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெங்களூர்த் தண்டில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் எனப் பல சபையாரும் தமிழில் ஆராதனை நடத்தலாயினர். சொந்தக் கிராமத்தில் ஒரே கோயிலையும் ஒரே குருவையும் அறிந்திருந்த ஒருவர், இங்கே நான்கு தெருக்களில் நான்கு வகைப் போதனைகளைக் கேட்க நேர்ந்தது. ஊரில் பெரியோர் இருந்தனர். ஐயமெனில் அவரைக் கேட்கலாம். அயல் நகரில் அவரைக் கேட்பதற்கில்லை. ஒரு போதகர் நல்லவரா, அவர் சொல்வது மெய்யா என்று முடிவு செய்யும் பொறுப்பு அந்தத் தனி மனிதர் மீதே விழுந்தது. தவறான முடிவால் பொருள் போவதுண்டு, குடும்பம் பிளவுபடுவதுண்டு, மனம் நொறுங்குவதும் உண்டு.

தட்டார் பொன்னை உரைத்துப் பார்க்க ஒரு கல் வைத்திருப்பது போல, போதனையை உரைத்துப் பார்க்கக் கிறிஸ்தவ மரபு நெடுங்காலமாக ஒரு கல்லை வைத்திருக்கிறது. அதன் பெயர் கிருபை. கடவுள் மனிதரை ஏற்றுக்கொள்வது அவருடைய இலவசக் கொடை. மனிதரின் தகுதிக்கோ பொருளுக்கோ குலத்துக்கோ கிடைத்த கூலியன்று என்பதே இதன் பொருள். சமய நம்பிக்கையின் உட்பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. இந்த ஒரு கருத்து, தமிழ் மக்களின் வரலாற்றில் பொய்ப் போதனைக்கு எதிரான காப்பாக எவ்வாறு பயன்பட்டது, எங்கே பயன்படாமற் போயிற்று என்பதையே நாம் இங்குக் காண முயல்கிறோம்.

இதன் தொடக்கம் கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் நூற்றாண்டின் நடுவில், இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த கலாத்தியாவில், பவுல் என்னும் திருத்தூதர் சில சபைகளை நிறுவினார். அவர் சென்ற பின்னர் வேறு சில போதகர் வந்தனர். யூதரல்லாத மக்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு பழைய சட்டத்தை ஏற்றாலன்றி முழுமையான விசுவாசிகள் ஆகார் என்று அவர்கள் கற்பித்தனர். பவுல் கடும் சினத்தோடு மறுமொழி எழுதினார். கொடையாக வந்ததன் மீது நிபந்தனை ஒன்றை ஏற்றினால் அது கொடையாக இராது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். யூதர், கிரேக்கர் என்ற இரண்டு இனத்தார் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண முடியுமா என்ற நடைமுறைக் கேள்வியே அவ்வாதத்துக்கு அடிப்படையாக இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஐந்தாம் நூற்றாண்டில் இதே வழக்கு வேறு வடிவில் எழுந்தது. பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த பெலாகியு என்பவர், மனிதர் தம் மன உறுதியால் பாவமின்றி வாழ இயலும் என்று போதித்தார். ஒழுக்கத்தை வற்புறுத்தும் நல்லெண்ணமே அவருக்கு இருந்தது. எனினும் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர் ஆயரான அகுஸ்தீனார் (354-430) இதனை எதிர்த்தார். வலிமையுள்ளவர்க்கு மட்டுமே இடமுள்ள சமயத்தில், விழுந்தவர்க்கும் நொந்தவர்க்கும் இடம் ஏது என்பது அவர் கவலை. 418-இல் கார்த்தேசு நகரில் கூடிய சங்கம் பெலாகியுவின் கருத்தைத் தள்ளியது.

மூன்றாவது நிகழ்ச்சி பலரும் அறிந்தது. உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்குப் பொருள் திரட்டும் பொருட்டு, செருமனியில் பாவத் தண்டனைக்குரிய மன்னிப்புச் சீட்டுகள் பணத்துக்கு வழங்கப்பட்டன. 1517-ஆம் ஆண்டு மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை எழுதி இதனை மறுத்தார். மேலை நாட்டுத் திருச்சபை இதன் பின் பிளவுற்றது. ஆனால் ஒரு செய்தியை இங்குச் சேர்த்துச் சொல்லுதல் நியாயமாகும். கத்தோலிக்கத் திருச்சபையும் திரெந்து சங்கத்தில், 1547-இல், மீட்பின் தொடக்கம் கடவுளின் அருளே என்று அறிவித்தது. சீட்டுக்குப் பணம் பெறும் முறையை 1567-இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் ஒழித்தார். ஆகவே அருளை விலை கூறலாகாது என்ற அளவில் இரு சாராரும் ஒரே இடத்துக்கே வந்து சேர்ந்தனர் எனலாம்.

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவக் கருத்துகளைத் தமிழில் சொல்லப் பல சொற்களைத் தேடினார். வழிபாட்டிடத்துக்குக் கோயில் என்றும், திருமறைக்கு வேதம் என்றும், சமயப் பணியாளர்க்குக் குரு என்றும் வழங்கியவர் அவர். இலவசக் கொடையைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் அருள், பிரசாதம் என்பன. கோயிலில் கை நீட்டியவர்க்கெல்லாம் கிடைப்பது பிரசாதம். அச்சொல்லைக் கேட்ட தமிழருக்கு இலவசம் என்ற கருத்து விளக்கமின்றியே விளங்கியிருக்கும். கத்தோலிக்கரிடையே தேவ இஷ்டப்பிரசாதம், வரப்பிரசாதம் என்ற தொடர்கள் நெடுங்காலம் வழங்கின.

நூறு ஆண்டுகள் சென்றபின், 1706-ஆம் ஆண்டு சூலை மாதம் 9-ஆம் நாள், சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு லூத்தரன் குருமார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அவர்களை அனுப்பினார். தரங்கம்பாடி அச்சகத்தில் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் தமிழில் அச்சாயிற்று. நம் கருத்தில் இது ஒரு பெரும் காப்பு. நூல் போதகர் கையில் மட்டும் இருந்தால், அவர் சொன்னதே சட்டம். கேட்பவர் கையிலும் நூல் இருந்தால், சொன்னது அங்கே இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கலாம். இம்மரபினரிடையே கிருபை என்ற வடசொல் நிலைபெற்றது. இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு இல்லங்களில் நலம் கேட்போர்க்குக் 'கிருபையால் நலம்' என்று மறுமொழி கூறும் வழக்கம் உண்டு.

ஒரே கருத்தைப் போற்றிய இரு சாரார் தமிழ் மண்ணில் ஒருவரையொருவர் பொய்ப் போதகர் என்று ஏசிக்கொண்டதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் (1680-1747) தரங்கம்பாடியாரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். தரங்கம்பாடியாரும் வாளா இருந்தாரல்லர். தமிழ் உரைநடை வளர்ச்சிக்கு இப்பூசல் பயன்பட்டது என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். ஆயினும் அருளைப் பற்றி வாதிட்டவரின் மொழியில் அருள் குறைந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உரைகல்லைக் கொண்டு பிறர் பொன்னை மட்டுமே உரைப்பவர், தம் கைப்பொன்னை உரைக்க மறந்துவிடுகின்றனர்.

இக்கருத்து தமிழருக்கு முற்றிலும் புதியதும் அன்று. அருள் என்னும் சொல் சைவத்திலும் வைணவத்திலும் ஆழ வேரூன்றியது. தாய்ப்பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது போல இறைவன் காப்பான் என்பது தென்கலையார் கொள்கை. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல அடியவனும் பற்றவேண்டும் என்பது வடகலையார் கொள்கை. அகுஸ்தீனாரும் பெலாகியுவும் வாதிட்ட பொருளுக்கு அருகிலேயே நம் ஆசாரியர்களும் வாதிட்டிருக்கின்றனர். 1871 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்த ஜி. யு. போப் இவ்வொப்புமையை நன்கு உணர்ந்தவர். 1900-ஆம் ஆண்டு, தம் எண்பதாம் வயதில், அவர் வெளியிட்ட திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பின் ஆராய்ச்சிப் பகுதிகளில் சைவ சித்தாந்தத்தில் அருள் பெறும் இடத்தை விரிவாக எடுத்துரைத்தார்.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900), 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது அது. பனியன் கதையின் ஒரு பகுதி நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. நாசபுரி விட்டுப் புறப்பட்ட வழிப்போக்கனை உலக ஞானி ஒருவன் இடைவழியில் சந்திக்கிறான், மரியாதையாகப் பேசுகிறான், சுமை இறக்க எளிய வழி உண்டென்று சொல்லி, வேறொரு சிற்றூரில் இருக்கும் சட்டவாதியிடம் அனுப்புகிறான். அவ்வழியே சென்றவன் மேல் மலையே கவிழ்வது போலத் தோன்றுகிறது. பயணத்தில் இருப்பவனை ஏமாற்றுவது எளிது. ஏமாற்றுபவன் பெரும்பாலும் நல்லவனாகவே காட்சியளிப்பான். அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விரண்டையும் நினைவில் வைப்பது நன்று.

தமிழ்க் கிறிஸ்தவர் நடுவே கிருபை என்ற உரைகல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் சாதி. கொடை எல்லார்க்கும் ஒன்றே என்று ஞாயிறுதோறும் கேட்டவர்கள், கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் தொடக்க முதலே இவ்வழக்கம் இருந்தது. திருவிருந்தின் கிண்ணத்திலும் யார் முன்னே பருகுவது என்ற வழக்கு எழுந்தது. 1833-ஆம் ஆண்டு கல்கத்தா ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அறவே விட்டுவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு நீங்கினர். பிறப்பால் வரும் உயர்வு கடவுள் முன்னும் செல்லும் என்பது, கலாத்தியாவில் பவுல் எதிர்த்த அதே போதனை. தமிழ் உடை உடுத்து வந்தது, அவ்வளவே. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதியால் பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இவ்வழக்கு இன்னும் முடியவில்லை என்றே சொல்லவேண்டும்.

போதிப்பவரே கிருபையை மறந்தால் என்ன நேரும் என்பதற்குத் திருநெல்வேலியில் ஒரு சான்று உண்டு. நாசரேத்துக்கு அருகில் உள்ள பிரகாசபுரத்தில், 1857-ஆம் ஆண்டு, அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை (1823-1918) ஐரோப்பிய மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை ஒன்றை நிறுவினார். எபிரேயம், கிரேக்கம் கற்ற அறிஞர் அவர். மிஷனெரிகளின் மேட்டிமையும், நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலில் எழுதியவையும் அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் ஆறாத புண்ணாயின. அவருடைய சபை அந்நியப் பணத்தையும் அந்நிய அதிகாரத்தையும் மறுத்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கிப் பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் பலவற்றை மீண்டும் கைக்கொண்டது. மிஷனெரிகள் அதனைத் துர்உபதேசம் என்றனர். கிருபையைக் கற்பித்தவர் தம்மை உயர்ந்த இனத்தாராகக் கருதி நடந்ததே அப்பிரிவுக்கு விதையாயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தன்மதிப்பு இழந்த மக்கள் சட்டத்தில் தம் மதிப்பைத் தேடினர். அவர்கள் வந்த வழியை அறியாமல் தீர்ப்புக் கூறுதல் நமக்குத் தகாது.

இதே காலத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867) சங்கங்களின் சம்பளத்தை நாடாமல் ஊழியம் செய்தவர். அவருடைய கிறிஸ்டியன்பேட்டையில் 1860-ஆம் ஆண்டு தோன்றிய எழுப்புதல், ஏழை எளியவரும் பெண்களும் வாய்திறந்து சாட்சி சொல்லும் இயக்கமாகப் பரவியது. அதன் அலை 1870-களில் திருவிதாங்கூரை அடைந்தது. அங்கே, தமிழ் அந்தணர் குடியிற் பிறந்து 1861-இல் கிறிஸ்தவரான யூஸ்துஸ் ஜோசப் என்னும் குருவும் அவரைச் சார்ந்தோரும் தீர்க்கதரிசனங்களைக் கேட்கலாயினர். 1881-ஆம் ஆண்டில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறிக்கப்பட்டது. அந்நாளை ஏற்காதவர் வெளியாராயினர். குறித்த ஆண்டு வந்தது; சென்றது. எதிர்பார்த்தது நிகழவில்லை. பலர் தம் பழைய சபைகளுக்குத் திரும்பினர். 1887-இல் யூஸ்துஸ் ஜோசப் காலமானார்.

இங்கும் நம் உரைகல் பயன்படுகிறது. ஒருவருக்கு மட்டும் இரகசியம் வெளிப்பட்டது. அவரைச் சேர்ந்தவர்க்கே காப்பு உண்டு என்ற நிலை வந்தவுடன், எல்லார்க்கும் உரிய கொடை ஒரு குழுவின் உடைமையாகிவிடுகிறது. எழுப்புதல் தவறன்று, ஆர்வமும் தவறன்று. கொடையின் வாயிலில் ஒரு மனிதர் காவலாளாய் நின்று சாவி தம்மிடமே இருக்கிறது என்று சொல்லும்போதுதான் அது பொய்ப் போதனையாக மாறுகிறது. சீட்டு விற்றவர், விருத்தசேதனம் கேட்டவர், சாதி கேட்டவர், நாள் குறித்தவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு உடையில் அதே வாயிலில் நின்றவர்கள்.

கிருபையும் பொய்யாகத் திரிக்கப்படலாம் என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. மன்னிப்பு இலவசம் என்றால் எதையும் செய்யலாமே என்ற வாதம் பவுல் காலத்திலேயே இருந்தது. அவர் அதை உடனே தள்ளினார். இருபதாம் நூற்றாண்டில் செருமானிய இறையியலர் டீட்ரிக் போன்ஹோபர் இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயரிட்டார். இட்லரின் ஆட்சியைக் கண்டும் வாய் மூடியிருந்த சபையாரை நோக்கி 1937-இல் அவர் எழுதிய நூலில் இத்தொடர் வருகிறது. கொடையைப் பெற்றவர் அதற்கேற்ப வாழ்வார். வாழாதவர் கொடையைப் பெயரளவில் மட்டுமே பெற்றவர் என்பது அவர் கருத்து. அதற்காகவே அவர் வாழ்ந்தார். 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இலவசமானது மலிவானதாகாது என்பதை அவருடைய முடிவு காட்டுகிறது.

இவ்வரலாறு மீண்டும் பெங்களூருக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு மிஷனும் தனித்தனியே போதகரைப் பயிற்றினால் தனித்தனிப் பூசல்களும் தொடரும் என்பதை உணர்ந்து, 1910-ஆம் ஆண்டு பல புராட்டஸ்டண்டுச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவின. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் மாணவர் அங்கே ஒரே பந்தியில் உண்டு ஒன்றாகக் கற்றனர். அதன் தொடக்க காலத்து முதல்வர்களுள் ஒருவர் டென்மார்க்கு நாட்டவரான எல். பி. லார்சன் (1862-1940). 1889-இல் இந்தியாவுக்கு வந்து தமிழில் ஆழ்ந்த புலமை பெற்ற அவர், பின்னர்த் தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் ஈடுபட்டார். அத்திருத்தப் பதிப்பு 1936-இல் வெளிவந்தது. மக்கள் பழகிய பழைய பதிப்பை விடவில்லை. ஆயினும் மூலத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தலாம், திருத்தவேண்டும் என்ற நேர்மையை அப்பணி நிலைநாட்டியது. கூர்ந்து படிப்பதும் கிருபையைக் காக்கும் ஒரு வழியே.

1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஒரு சிறு குழு, சபைப் பிரிவுகள் நம் நாட்டில் பிறந்தவையல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று எடுத்துக்காட்டி ஒற்றுமைக்கு அழைப்பு விடுத்தது. திருநெல்வேலியிற் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்திய ஆயரான வி. எஸ். அசரியா அதில் முன்னின்றவர். ஆயரின் திருநிலைப்பாடு இல்லாத குருமாரின் ஊழியம் செல்லுமா என்ற ஒரே கேள்வி இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்கு இடமளித்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மூன்று மரபுகளின் குருமாரும் மறு திருநிலைப்பாடின்றி ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டனர். கொடை அந்தந்த மரபின் வழியாகவும் வந்திருக்கிறது என்ற ஒப்புதலே அது. அசரியா அந்நாளைக் காணவில்லை, 1945-இல் மறைந்தார்.

கத்தோலிக்கர் பக்கத்திலும் பெங்களூர் ஒரு மையமாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபின், 1967-இல் இந்நகரில் விவிலியம், மறைக்கல்வி, வழிபாடு ஆகியவற்றுக்கான தேசிய நடுவம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன இயக்குநர் டி. எஸ். அமலோர்பவதாஸ் (1932-1990) தமிழர். பொதுமக்கள் தம் மொழியில் திருமறையைப் படித்துத் தாமே உணரவேண்டும் என்பது அவர் பணியின் நோக்கம். 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இணைந்து உருவாக்கிய தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் கிருபை, பிரசாதம் என்ற பழைய சொற்களின் இடத்தில் பெரும்பாலும் அருள் என்ற தமிழ்ச்சொல் நிற்கிறது. மரியன்னையை நோக்கிய வேண்டுதலில் நம் பாட்டிமார் 'பிரியதத்தம்' என்று சொன்ன இடத்தில் இன்று 'அருள்' என்று சொல்கிறோம். நொபிலியார் எடுத்துக்கொண்ட சொல் பல நூற்றாண்டுகள் கழித்து வீடு திரும்பியது போலும்!

1999 அக்டோபர் 31-ஆம் நாள், செருமனியின் அவுக்ஸ்பர்க்கு நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மனிதரின் மீட்பு தகுதியால் அன்று, அருளாலேயே என்று இரு சாராரும் சேர்ந்து அறிக்கையிட்டனர். 2006-இல் உலக மெதடிஸ்டுப் பேரவையும் அதனை ஏற்றது. வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் எந்தப் பொருளைப் பற்றிப் பூசலிட்டனரோ, அதே பொருளில் அவர்களின் வழிவந்தோர் கைகோத்தனர். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்பதற்கில்லை. எனினும் ஒருவரையொருவர் பொய்யர் என்று அழைத்த காலம் பெரிதும் கழிந்தது.

அயல் மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் இவ்வரலாற்றிலிருந்து கைக்கொள்ளத்தக்கது யாது? கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி எச்சமயத்தார்க்கும் இது பொருந்தும் என்பது நம் எண்ணம். இன்று போதகர் தெருவில் வருவதோடு நில்லாமல், ஒலிபெருக்கி வழியும் கைபேசி வழியும் வீட்டுக்குள்ளேயே வருகிறார். வேலையிழந்தவர், நோயுற்றவர், பிள்ளைக்காக ஏங்குபவர், புது நகரில் உறவின்றித் தனித்திருப்பவர் ஆகியோரே அவர் முதலில் தேடும் மக்கள். இத்தனை காணிக்கைக்கு இத்தனை மடங்கு ஆசி என்பார் ஒருவர். மருந்தை விடு என்பார் வேறொருவர். உன் வீட்டாரை விட்டு எம் கூட்டத்துக்கு வா என்பார் இன்னொருவர்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இவர் தருவதற்கு விலை உண்டா? எனக்குக் கிடைப்பது, என் அண்டை வீட்டு ஏழைக்கும் அதே அளவில் கிடைக்குமா? நான் நூலைப் புரட்டிப் பார்க்கவும், வேறு ஒருவரைக் கேட்கவும் இவர் மகிழ்வோடு இசைவாரா? முதல் கேள்விக்கு உண்டு என்றும், மற்ற இரண்டுக்கும் இல்லை என்றும் விடை வந்தால், கொடை என்ற பெயரால் நம்மிடம் வாணிபம் நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இக்கேள்விகளுக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஊர்ப் பெரியோர் அருகில் இருக்க வேண்டியதுமில்லை.

பெங்களூர்ச் சிவாஜிநகரில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா நடைபெறுகிறது. தமிழரும் கன்னடரும், கிறிஸ்தவரும் அல்லாதாரும் அங்கே திரளாக வருகின்றனர். அவருள் யாரிடமும் எவரும் குலம் கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்பவர், தம் ஊராரா என்று அறியவே கேட்கிறார். அருளைப் பற்றி அறிஞர் எழுதிய நூல்கள் பல. அவை சொல்ல முயன்றதில் ஒரு பகுதியை, அந்தக் கூட்டத்தில் தோளோடு தோள் நிற்கும் எளிய மக்கள் தாம் அறியாமலே நடத்திக் காட்டுகின்றனர். விலையின்றிப் பெற்றதை விலையின்றியே பகிர்வோர் இருக்கும் வரையில், பொய்ப் போதனைக்கு நம் நடுவே நெடுநாள் கடை விரிக்க இயலாது.